உப்பளக் கரையில் சாக்லேட்

பிரம்மதேசத்தில் சாக்லேட் செய்ய ஏற்ற மாதம் மார்கழி. தை பாதி வரை இழுக்கலாம். சித்திரையில் இறங்கினால் தட்டில் ஊற்றியது ஊற்றியபடி குழம்பாகவே கிடக்கும். மின்விசிறியை எத்தனை வேகமாகச் சுழலவிட்டாலும் அது வெந்த காற்றைத்தான் அள்ளி வீசும்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கும் ஊர் அது. சாக்லேட்டுக்கும் அந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வறுத்த கடலையைச் சாக்லேட்டில் புரட்டி, மேலே நாலு கல் உப்பு தூவி உறையவிடும் கடலைக் கொத்துக்கு மூன்றே பொருள்கள் போதும். அவற்றில் இரண்டு, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் உப்பும், இந்த வட்டாரத்தின் விளைச்சல். மூன்றாவது மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். வந்த இடத்துத் தட்பவெப்பத்தோடு சண்டை போடுவதும் அதுதான்.

கடலையும் கொக்கோவும் தென் அமெரிக்காவில் பிறந்தவை. இங்கே வந்து சேர்ந்த கதைதான் வேறு. நிலக்கடலை தென்னாற்காட்டு மண்ணில் சட்டென ஊன்றிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக இந்தப் பக்கத்துக் கடலை பிரான்சின் மார்செய் நகருக்கு எண்ணெய்க்கும் சோப்புக்கும் கப்பலேறியது. பிறகு திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் வெளிவந்தது. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல்லாண்டுகள் அதை விதைத்தவர்களில் எத்தனை பேர் அந்த ஊரைக் கேள்விப்பட்டிருப்பார்களோ!

கொக்கோ மெதுவாக வந்தது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் எட்டே எட்டுச் செடிகளை நட்டதுதான் இந்தியாவில் அதன் தொடக்கம். தோட்டப் பயிராகப் பரவ அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராகக் காய்க்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே, அதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ என்ற நிறுவனம் 2014 முதல் தென்னிந்தியக் கொக்கோ விதையை வாங்கி, வறுத்து அரைத்து, சாக்லேட் கட்டியாக்கி விற்கிறது. ஆக, சாக்லேட் என்றாலே ஊட்டி என்ற காலம் மலையேறிவிட்டது. குளிரூட்டிய அறை இருந்தால் கடற்கரையிலும் முடியும். அந்த அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

சாக்லேட் செய்வதைச் சமையல் என்று சொல்லவே எனக்குத் தயக்கம். அது படிக வளர்ப்பு. மரக்காணம் உப்பளங்களில் நடப்பதும் அதுவே. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். அடர்த்தி ஏற ஏற முதலில் ஜிப்சம் பிரிந்து அடியில் தங்குகிறது. போமே அளவியில் ஏறத்தாழ 25 டிகிரி வந்ததும் உப்பு கல் கட்டத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிக் கசக்கும். அதற்குள் உப்பை வாரிவிட்டு மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். எந்தப் படிகம் பிறக்க வேண்டும், எது பிறக்கக் கூடாது என்பதை ஒரு குறுகிய எல்லைக்குள் நின்று முடிவு செய்யும் வேலை அது. உப்பளத்தில் அந்த எல்லை அடர்த்தி. சாக்லேட்டில் வெப்பம்.

ஆனால் உப்பு எளிய பண்டம். அதற்கு ஒரே ஒரு படிக அமைப்புதான். அலையாத நீரின் மேல் உள்ளே குழிந்த கூம்பாக மிதக்கும் உப்புப்பூவும், பாத்தியின் அடியில் கிடக்கும் கல்லுப்பும் பார்வைக்கு வேறு வேறு. உள்ளே சோடியமும் குளோரினும் அடுக்கி நிற்கும் முறை ஒன்றே. சாக்லேட்டை உறைய வைக்கும் கொக்கோ வெண்ணெய்க்கோ ஆறு படிக வடிவங்கள். வில், லட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் அவற்றை வரிசைப்படுத்தி, உருகுநிலைகளைக் குறித்தார்கள். முதல் வடிவம் 17 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரண்டாவது 23, மூன்றாவது 25.5, நான்காவது 27.5. ஐந்தாவது 34ஐ ஒட்டி உருகும். ஆறாவது 36க்குச் சற்று மேல்.

ஒரே கொழுப்பு எப்படி ஆறு விதமாக உறையும்? கொக்கோ வெண்ணெயின் மூலக்கூறு பெரும்பாலும் மூன்று கொழுப்பு அமிலங்களால் ஆனது: பால்மிடிக், ஸ்டியரிக், ஓலியிக். மூலக்கூறின் உருவம் ஏறக்குறைய ஒரு நாற்காலி. கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளைத் தாறுமாறாகத் தூக்கிப் போட்டும் குவிக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று செருகி நெருக்கமாகவும் அடுக்கலாம். தாறுமாறான குவியல் சீக்கிரம் அமையும், சீக்கிரம் சரியும். முதல் நான்கு வடிவங்கள் அந்த வகை. ஐந்தாவது நெருக்கமான அடுக்கு. உறையும்போது சுருங்கி அச்சை விட்டுத் தானாகக் கழலும். மேற்பரப்பு பளபளக்கும். உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். விரலில் சற்று நேரம் தாங்கி, 37 டிகிரி வாயில் கரையும். சாக்லேட் என்று நாம் மெச்சுவதெல்லாம் இந்த ஐந்தாம் வடிவத்தைத்தான்.

கொழுப்பைத் தன் போக்கில் ஆறவிட்டால் ஐந்தாவது தானாகக் கிடைக்காது. நான்கும் ஐந்தும் கலந்து வரும். மங்கலாக, தொட்டால் ஒட்டும்படி, நாலு நாளில் வெண்கோடுகள் பூத்து நிற்கும். நான்காம் வடிவத்தின் உருகுநிலை 27.5 என்பதை மரக்காணத்துக் கண்ணோடு பாருங்கள். அங்கே மார்கழிப் பகலே 28, 29ஐத் தொடும். ஐரோப்பிய வீட்டில் அரைகுறையாக உறைந்த சாக்லேட் பார்க்கச் சுமாராக இருக்கும், அவ்வளவே. இங்கே அது நிற்கவே நிற்காது. வெப்ப நாட்டில் படிகத்தைச் சரியாகப் பிடிப்பது அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல்.

பிடிக்கும் வழி இது. 300 கிராம் கருப்புச் சாக்லேட் எடுத்தால் 200 கிராமை மட்டும் 45 முதல் 50 டிகிரி வரை உருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் பழைய படிகங்கள் ஒன்று விடாமல் அழியும். அடுப்பிலிருந்து இறக்கி, பொடியாக நறுக்கி வைத்த மிச்ச 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். கடையில் வாங்கிய அந்தத் துண்டுகளில் தொழிற்சாலை ஏற்கெனவே உருவாக்கிய ஐந்தாம் வடிவப் படிகங்கள் இருக்கின்றன. விதையாக விழுவது அவைதான். கிளறக் கிளற விதை உடைந்து பெருகும். வெப்பம் 31, 32க்கு வந்து நிற்கும்போது நான்காம் வடிவம் பிறக்கவே முடியாது, ஏனெனில் அதன் உருகுநிலையைத் தாண்டி இருக்கிறோம். ஐந்தாவது கரையவும் செய்யாது. பால் சாக்லேட்டுக்கு இரண்டு டிகிரி குறைவாக, 29 முதல் 30 வரை. பாற்கொழுப்பு இடையில் புகுந்து அடுக்கைத் தளர்த்துவதால் இந்தச் சலுகை.

அனுபவம் உள்ளவர்கள் உதட்டில் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். மற்றவர்கள் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு டிகிரி வித்தியாசத்தில் வேலை கெடும் இடத்தில் கைப்பக்குவத்தை நம்பச் சொல்வது வீரமே தவிர அறிவுரை அல்ல. பதம் பார்க்க, கத்தி நுனியில் துளி தடவி அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பளபளப்போடு இறுகினால் சரி.

இந்த வேலைக்கு எதிரி சூடு மட்டுமல்ல, நீரும்தான். உருகிய சாக்லேட் பார்வைக்குத் திரவம். உண்மையில் அது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் தூளும் கொக்கோத் தூளும். நாக்குக்கு நறநறப்பு தெரியாதபடி ஏறத்தாழ 20, 30 மைக்ரானுக்கு அரைத்த தூள். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும். சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி, வழுவழுவென்று ஓடியது கெட்டிச் சேறாகிவிடும். கழுவிய ஈரம் காயாத மரக்கரண்டி, பாத்திரத்துக்கும் கீழே கொதிக்கும் நீருக்கும் நடுவிலிருந்து கிளம்பும் ஆவி, இவை இரண்டும் போதும் காரியத்தைக் கெடுக்க. கெட்டுவிட்டால் கொட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் சூடான பால் ஊற்றினால் துகள்கள் நீரில் பிரிந்து மறுபடி இளகும். கொத்துக்கு ஆகாது, தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்; குழந்தைகள் மறுக்க மாட்டார்கள்.

பனை மரங்கள் நிறைந்த கரை ஆயிற்றே, சர்க்கரை வேண்டாம், பனைவெல்லம் போட்டுக் கிளறினால் என்ன என்று பலருக்கும் தோன்றும். நேரடியாகப் போட்டால் இதே கதைதான் நடக்கும். வெல்லம் எப்போதும் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். ஆனால் வெல்லத்துக்கு வேறொரு இடம் உண்டு. அதற்கு முன் கடலை.

கடலையில் முதல் வேலை பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை மணம் அடிப்பது எதுவும் உள்ளே போகக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சுதான் காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதன்பின் வந்ததே. கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சை வறுக்கும் சூடு முழுவதும் அழிக்காது. ஈரக் காற்று வீசும் கரையில் திறந்த சாக்கில் கிடந்த கடலையை மலிவு என்று வாங்குவதற்கு முன் இது நினைவிருக்கட்டும்.

வறுவலில் நடப்பது நிறம் மாறுவது மட்டுமல்ல. கடலையின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதன் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி, நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. மெயிலார்ட் வினை என்பது இதன் பெயர். வறுத்த கடலையின் மணத்தில் பெரும்பங்கு பைரசின் என்ற வகைச் சேர்மங்களுக்கு உரியது. புளிக்கவைத்து உலர்த்திய கொக்கோ விதையை வறுக்கும்போதும் அதே வகைப் பைரசின்கள் பிறக்கின்றன. சாக்லேட்டும் கடலையும் பொருந்திப்போவதற்கு ஒரு காரணம், இரண்டின் மணத்திலும் ஒரே வேதிக் குடும்பம் இருப்பதுதான்.

தள்ளுவண்டிக்காரர் மணலில் வறுப்பது வீண் வேலை அல்ல. வாணலியில் கடலை ஒரு புள்ளியில்தான் உலோகத்தைத் தொடும். அந்த இடம் கருகும், மறுபக்கம் பச்சையாக நிற்கும். சூடான மணல் எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும். வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பைப் போட்டு வறுப்பவர்களும் உண்டு. சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால், பச்சைக் கடலையின் ஐந்தாறு சதவீத ஈரம் இரண்டுக்குக் கீழே இறங்கும். அடுப்பில் இருக்கும்போது மொறுமொறுப்பு தெரியாது, ஆறினால்தான் வரும். நன்றாக ஆறியபின் தேய்த்துத் தோலை முறத்தில் புடைத்துவிடுங்கள். சூடான கடலையைச் சாக்லேட்டில் போட்டால், பாடுபட்டு வளர்த்த படிகங்கள் எல்லாம் உருகிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சில வாரங்களில் கொத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் வரும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அது கொழுப்பு. கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், அதுவும் அறை வெப்பத்தில் திரவமாகவே இருப்பது. அது மெல்ல வெளியே கசிந்து சாக்லேட்டுக்குள் நுழைந்து, கொக்கோ வெண்ணெயின் ஒரு பகுதியைக் கரைக்கிறது. கரைந்தது மேற்பரப்புக்கு வந்து மறுபடி படிகமாகிறது, இம்முறை ஆறாம் வடிவமாக. தின்னலாம், கெடுதல் இல்லை. ஆனால் பளபளப்பும் ‘டக்’ ஓசையும் போய்விட்டிருக்கும். வெப்பம் கூடினால் கசிவும் வேகமாகும்; அதனால் நம் ஊரில் இது விரைவிலேயே வந்துவிடும்.

வெல்லத்துக்கு வேலை வருவது இங்கேதான். கடலைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே எண்ணெய் கடக்க முடியாத ஒரு தடுப்பு வேண்டும். சர்க்கரையில் எண்ணெய் கரையாது. கடலை மிட்டாய்ப் பாகைவிட நல்ல தடுப்பு எது? 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை ஒருமுறை வேதியியல் கண்ணோடு கடித்துப் பாருங்கள். அதில் படிகமே கிடையாது. வெல்லப்பாகு 145 டிகிரியைத் தாண்டிக் கொதித்து, நீரெல்லாம் போய், படிகம் கட்ட அவகாசமில்லாமல் ஆறி இறுகியிருக்கிறது. அறிவியல் அதைக் கண்ணாடி என்கிறது; சன்னல் கண்ணாடிக்கும் அதற்கும் மூலக்கூறு ஒழுங்கின்மையில் வேறுபாடு இல்லை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது வளையாமல் உடைகிறதா என்று பார்ப்பது அந்த நிலையை உறுதிசெய்யத்தான்.

இந்தக் கண்ணாடிக்கும் கடற்கரையில் ஒரு குறை உண்டு. காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். தூய சர்க்கரைக் கண்ணாடி ஈரமே இல்லாவிட்டால் 60 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஒவ்வொரு சதவீதம் ஈரமும் அந்த எல்லையைச் சடசடவென்று கீழே இறக்கும். வெல்லத்தில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இன்னும் இறக்கும். மிட்டாயைத் திறந்து வைத்தால் மரக்காணத்தில் மாலைக்குள் விரலில் ஒட்டும். அதன் மேல் சாக்லேட் போர்வை இருந்தாலோ கதை மாறுகிறது. கொழுப்பை ஊடுருவி ஈரம் உள்ளே போவது கடினம். ஆக, பாகு கடலையெண்ணெயைச் சாக்லேட்டுக்கு வராமல் தடுக்கிறது, சாக்லேட் காற்றின் ஈரத்தைப் பாகுக்கு வராமல் தடுக்கிறது. வறுத்த கடலையைக் கெட்டிப் பாகில் மெல்லிய பூச்சாகப் புரட்டி, உதிர்த்து ஆறவைத்து, பிறகு சாக்லேட்டில் முக்கினால் இந்தக் கரைக்கு ஏற்ற கொத்து கிடைக்கும். கூடுதலாக அரை மணி நேர வேலை. என் கணக்கில் தகும்.

உப்பு கடைசியில். சாக்லேட்டில் நீர் இல்லாததால் உப்பு அதில் கரையாது. தூவிய கல் தூவியபடியே இருந்து நாக்கில்தான் கரையும். அதனால் மிகக் கொஞ்சம் போதும். உப்பு கரிப்பதோடு நில்லாமல் வேறொன்றும் செய்கிறது. 1997இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போசாம்ப்பும் ‘நேச்சர்’ இதழில் காட்டியபடி, சோடியம் கசப்பை அடக்கும். கசப்பு அடங்கியதும் அதன் கீழே அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வரும். கருப்புச் சாக்லேட்டில் நாலு கல் உப்பு சர்க்கரையைக் கூட்டாமலே இனிப்பைக் கூட்டுவது இப்படித்தான்.

ஆனால் உப்பளத்து உப்பை அப்படியே அள்ளித் தூவாதீர்கள். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். கடற்கரையில் காற்று 33க்குக் கீழே இறங்கும் நாளே அரிது. வெறும் வாணலியில் உப்பை வறுத்து, ஆறியதும் நுணுக்கி, சாக்லேட் இறுகுவதற்குச் சற்று முன் தூவுங்கள். முன்னதாகத் தூவினால் மூழ்கிவிடும், பின்னதாகத் தூவினால் ஒட்டாது.

இறுகவைக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கணக்கு. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிநிலை 27 டிகிரி. அதாவது 27க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே எடுத்தாலும் அதன் மேல் வேர்க்கும். பெட்டிக்குள் 5 டிகிரியில் இருந்த சாக்லேட் வெளியே வந்ததும் குப்பென்று நனையும். அந்த நீர் மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்து, ஆவியாகிப் போகும்போது சொரசொரப்பான வெண்படலத்தை விட்டுச்செல்லும். காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து, எடுத்தபின் டப்பாவின் குளிர்ச்சி முழுவதும் போகும் வரை திறக்காமல் இருந்தால் தப்பிக்கலாம். வேர்ப்பது டப்பாவின் வெளிப்புறமாக இருக்கும்.

சித்திரை, வைகாசிக்கு என்ன வழி? 1943இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஹெர்ஷி நிறுவனம் வெப்பமண்டலச் சாக்லேட் ஒன்றைச் செய்தது. கிட்டத்தட்ட 49 டிகிரியில் ஒரு மணி நேரம் உருவம் குலையாமல் நிற்கும். சுவையைப் புகழ்ந்த சிப்பாய்கள் குறைவு. நம் கடைகளில் ‘காம்பவுண்ட்’ என்று கட்டியாக விற்பது வேறு வகைத் தீர்வு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் கொழுப்பைக் கெட்டிப்படுத்திச் சேர்ப்பார்கள். அதற்குப் படிகத் தொல்லை இல்லை. உருக்கி ஊற்றினால் போதும், இறுகிவிடும். வீட்டில் சாக்லேட் செய்து விற்பவர்களில் பலர் அதைத்தான் கையாள்கிறார்கள். அதில் குற்றம் காண ஏதுமில்லை. வாய்க்கு அது மெழுகாகப் படுவது என் நாக்கின் புகார், சட்டத்தின் புகார் அல்ல. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருப்பதால் பழைய அச்சமும் குறைந்திருக்கிறது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். காம்பவுண்டையும் நல்ல சாக்லேட்டையும் கலந்து உருக்காதீர்கள். இரு கொழுப்புகளும் ஒன்றின் அடுக்கை மற்றொன்று கெடுத்து, தனித்தனியே இருந்ததைவிட மென்மையான ஒன்றாகிவிடும். ஈரம் படவும் விடாதீர்கள். லாரிக் அமிலம் மிகுந்த கொழுப்பு ஈரத்திலும் பூஞ்சையிலும் சிதைந்தால் சோப்பு வாசனை அடிக்கும். சோப்பு செய்யப் பயன்படும் அமிலங்களில் ஒன்றுதானே அது.

கொக்கோ வெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் சித்திரை முதல் ஆடி வரை கடலையைப் பாகோடு நிறுத்திக்கொள்ளட்டும். உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்கள் சாக்லேட்டுக்கு ஆகாதவை. ஐப்பசி மழையில் உப்பு வாருவது நின்று, ஈரக் காற்றும் கொஞ்சம் அடங்கி, இரவில் வெப்பமானி 22க்கு இறங்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பிக்கலாம்.